காந்த சோடா

திண்டிவனத்தில் என் கணவர் வைத்திருந்த சோடா கம்பெனி எந்த வருஷம் மூடப்பட்டது என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஐம்பத்தெட்டு என்பாள் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. தன் மூத்த மகளின் கல்யாணத்தை வைத்து அவள் கணக்குச் சொல்கிறாள். அந்தக் கல்யாணத்தின் வருஷத்தையே தப்பாகச் சொல்கிறாள். தண்ணீர்க் குழாய்க்கு மாட்டிய காந்தப் பெட்டி கடைக்கு வந்தபோது நயா பைசா புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஜனங்கள்தான் புதுக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அணாவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஐம்பத்தெட்டு, ஆடி. கல்யாணம் அதற்கு அடுத்த வருஷம், ஆவணி. கடை மூடியது அதே ஐம்பத்தொன்பது புரட்டாசி. தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற பல விஷயங்களில் விட்டுக்கொடுத்தாயிற்று.

எனக்கு அப்போது விழுப்புரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. கணவரின் ஊர் கண்டமங்கலம். அங்கே பெரியவருக்கு, அதாவது என் மச்சாண்டாருக்கு, நிலமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில்லும் இருந்தன. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன முதல் மாதத்திலேயே அவர் சொன்னார்: "நம்ம வூட்டுப் பொம்பளை சம்பளத்துக்குப் போற வழக்கம் கெடையாது. எழுதிக் குடுத்துட்டு வந்துடச் சொல்லு." என்னிடம் இல்லை, தம்பியிடம். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். என் கணவர் அதுவரை அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவர். அன்றைக்குப் பேசினார். பேச்சு வளர்ந்தது. கடைசியில், பங்கும் வேண்டாம், பாகமும் வேண்டாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வாசல்படி இறங்கும்போது பெரியவர் சொன்னது எங்கள் இருவருக்கும் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை: "போ. எங்க போனாலும் திரும்பி இங்கதான் வருவே. வர்றப்ப ரெண்டு பேரா வாங்க. அவ வேலையை வுட்டுட்டு வரணும்."

அதனால் அந்தச் சோடா மிஷின் எங்களுக்கு வெறும் பிழைப்பு இல்லை. அது ஓடுகிறவரை நான் பாடம் நடத்தலாம், அவர் யார் முன்னாலும் கைகட்ட வேண்டாம். நின்றால் இரண்டும் போய்விடும்.

திண்டிவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் டிரங்க் ரோடு. மெட்ராஸ் பஸ், திருச்சி பஸ், திருவண்ணாமலை பஸ் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். நிற்கிற பஸ்ஸில் தாகம் இருக்கும். கடைக்குப் பின்னால் கிணறு, மோட்டார், மேலே சிமெண்ட் தொட்டி, தொட்டியிலிருந்து கீழே இரும்புக் குழாய். அவர் அங்கேயே தங்கினார். நான் விழுப்புரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பாசஞ்சரில் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது.

ஐம்பத்தெட்டு சித்திரையில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன சோடாப் பெட்டி திரும்பி வந்தது. ஒரு புட்டிக்குள், கோலிக்குக் கீழே, வெள்ளையாக ஒரு நூல் மிதந்தது. நூல் இல்லை. தொட்டால் வழுக்குகிற, மூக்குச் சளி மாதிரியான ஒன்று. குழாயின் இணைப்பைக் கழற்றி விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் சுவர் முழுக்க அது படிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொள்ளும் வீடு அது என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். உயிரிப்படலம் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது சளி.

"குழாய்க்கு ஜலதோஷம் புடிச்சிக்கினு இருக்கு. மிளகு ரசம் வச்சி ஊத்து டீச்சரம்மா" என்றார் அவர். விளையாட்டாகப் பேசுகிறபோது என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

கம்பியில் துணி சுற்றி விட்டுத் தேய்த்தார். நேராகப் போகிற இடத்தில் போயிற்று, வளைவுகளில் எட்டவில்லை. பத்து நாளில் மறுபடி வழுவழுப்பு. பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டோம். சளி போயிற்று. ஆனால் எத்தனை முறை கழுவி விட்டாலும் சோடாவில் அந்த வாசனை. "இன்னாப்பா, ஆஸ்பத்திரிக்குள்ள நொழைஞ்சா மாதிரி கீது" என்று ஒரு லாரி டிரைவர் பாதி குடித்துவிட்டு மீதியைத் தரையில் ஊற்றினார். சோடாவுக்குத் தனி ருசி எதுவும் கிடையாது. அதனால் ஒளித்து வைக்கவும் அதில் இடம் கிடையாது.

ஆடியில் மெட்ராஸிலிருந்து ஒரு ஆள் வந்தார். கால்சட்டை, டை, கையில் தோல் பை. நான் அன்று கடையில் இருந்தேன். வெளிநாட்டில் பாய்லருக்குள் உப்பு படியாமல் இருக்கக் காந்தம் வைக்கிறார்கள், அதையே அவருடைய முதலாளி இன்னும் முன்னேற்றி, சளிக்கும் ஆகிறமாதிரி செய்திருக்கிறார் என்றார். குழாயைச் சுற்றிச் செம்புக் கம்பி, கம்பியில் கரண்டு, கரண்டு ஓடினால் குழாய்க்குள் காந்த சக்தி.

"தண்ணி அதுக்குள்ள பூந்து வர்றப்ப கிருமிங்களுக்கு ஒரு ஒதறல் சார். ஒட்டறதுக்குப் புடியே கெடைக்காது. மருந்து இல்ல, வாசனை இல்ல. பொங்கல் வரைக்கும் வச்சிப் பாருங்க. புடிக்கலைன்னா கழட்டிக்கினு போயிடறேன்."

பாய்லர் விஷயம் நானும் பத்திரிகையில் படித்திருந்தேன். "உப்பு வேற, உயிருள்ளது வேற இல்லைங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா நல்லா படிச்சவங்க போலக்குது" என்றார். பதில் அவ்வளவுதான்.

கம்பியைச் சுற்றி, மேலே மரப்பெட்டி மூடி, சுவிட்சைப் போட்டதும் குழாய் மெதுவாக வண்டு மாதிரி முரலத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சூடும் ஏறியது. புட்டி கழுவுகிற அம்மாள், பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர், எட்டிப் பார்த்து உள்ளங்கையை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். "கொழா காந்துதுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் காந்துகிறது என்றால் எரிகிறது, சுடுகிறது என்று பொருள். மிளகாய் பட்ட கை காந்தும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயிறு காந்தும். காந்தம் வைத்த குழாய் காந்துகிறது என்று அந்த அம்மாள் சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார், ஏன் என்று தெரியாமலேயே.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருந்தது. 'மின்காந்த சக்தியால் சுத்திகரித்த நீரில் தயாரித்தது' என்று எழுதச் சொன்னாராம். பலகையில் அவ்வளவு இடம் இல்லை என்று பெயிண்டர் தன் இஷ்டத்துக்கு, தூரத்துப் பஸ்ஸுக்கும் தெரிகிறமாதிரி, சிவப்பில் 'காந்த சோடா' என்று எழுதி, மற்றதை எறும்பு ஊர்கிற அளவில் கீழே வைத்திருந்தார்.

"என்னாங்க இது? வயிறு எரியற சோடான்னு இல்ல படிக்கத் தோணுது?"

"நீ உன் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு அர்த்தம் சொல்லு. தாகம் எடுத்தவன் அகராதிய பொரட்டிக்கினு இருக்க மாட்டான்."

தாகம் எடுத்தவர்கள் மட்டும் சோடா குடிப்பதில்லை. அதை அவர் மறந்துவிட்டார். பிரியாணி தின்றவன், கல்யாணச் சாப்பாட்டில் அளவு மீறியவன், வயிறு மந்தமாக இருக்கிறவன், ஏப்பம் வராதவன், இவர்கள்தான் முக்கால்வாசி. வயிற்றைத் தடவிக்கொண்டு வருகிறவனுக்கு முன்னால் அந்தப் பலகை தொங்கியது.

முதலில் அது தமாஷாகத்தான் தொடங்கியது. மெட்ராஸ் பஸ் கண்டக்டர் ஒருவர் வாயாடி. படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்: "இன்னா மொதலாளி, வவுறு காந்துனா சோடா குடுப்பாங்க. நீ காந்தறதுக்கே சோடா குடுக்கறியா?" பஸ் முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்து, அவருக்கு ஒரு புட்டி உடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நடையிலும், "காந்த சோடா ஸ்டாப்பு, எறங்கறவங்க எறங்குங்க, வவுறு பத்திரம்" என்று சொல்லத் தொடங்கினார். மற்ற கண்டக்டர்களும் பிடித்துக்கொண்டார்கள். அந்த மனிதர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். கோபம் இருக்கிறது.

கார்த்திகையில் கண்டாச்சிபுரத்துக்காரர் ஒருவர் கோர்ட்டு வேலையாக வந்து, எதிர்க் கடையில் பஜ்ஜி தின்று, எங்கள் கடையில் சோடா குடித்து, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பஜ்ஜியைப் பற்றி யாரும் பேசவில்லை. கரண்டு விட்ட தண்ணீர் என்றார்கள். முரலுகிற சத்தத்தைக் கேட்க ஆட்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். கேட்டுவிட்டு, குடிக்காமல் போனார்கள். கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு. அதற்கு யார் காரணம் என்று தேடினால் யாரும் இல்லை.

நான் பாசஞ்சரில் என் பெட்டியில் வருகிற பெண்களிடம் விளக்கினேன். கம்பி குழாய்க்கு வெளியேதான் சுற்றியிருக்கிறது, தண்ணீரில் கரண்டு கிடையாது, காந்தம் வேறு காந்தல் வேறு. பொறுமையாகக் கேட்டார்கள்.

"டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் தினமும் பூ கொண்டுபோகிற ஒருத்தி. "இருந்தாலும் எதுக்கு?"

பொய் என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். இருந்தாலும் எதுக்கு என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால், குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. ஐப்பசி முழுக்க வாரம் ஒரு தடவை இணைப்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலை என்னிடம் நீட்டுவார். காய்ந்த விரல். ஆனால் ஐப்பசி என்பது மழைக்காலம்; கிணறு குளிர்ந்து, புதுத் தண்ணீர் ஏறியிருந்தது. காந்தத்தால் சளி போயிற்றா, மழையால் போயிற்றா, குழாயில் ஏறிய சூட்டால் போயிற்றா? "கொஞ்ச நாளைக்கு சுவிட்சை நிறுத்தி வச்சிப் பாக்கலாமே" என்றேன்.

"சாமி வரம் குடுத்தா, அத்த திருப்பிக் குடுத்துட்டு மறுபடியும் தர்றாரான்னு பாக்கலாம்னு சொல்ற மாதிரி கீது நீ சொல்றது."

நிறுத்தவில்லை. இன்றைக்கும் இதைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. காந்தப்புலம் படலத்தைக் குறைக்கிறது என்கிறார்கள் சிலர். வித்தியாசமே இல்லை என்கிறார்கள் சிலர். ஆராய்ச்சிக் கூடம் வைத்திருக்கிறவர்களே இன்னும் பேசி முடிக்காத வழக்கை, சோடாக் கடையில் ஒரு விரலை வைத்து அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்கு மெட்ராஸ்காரர் வரவில்லை. அவருக்கு எழுதிப் போட்ட கார்டு ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பலகையை மாற்றச் சொல்லி நான் கெஞ்சினேன். "இப்ப பேரை அழிச்சா தப்பு பண்ணவன் அழிக்கிற மாதிரி ஆயிடும்" என்றார். மாசியில் ஒருவழியாக மனசு மாறி, மேலே பச்சைப் பெயிண்ட் அடித்து அம்மன் பெயர் எழுதினார். வழி கேட்கிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகும், "அந்தக் காந்த சோடாக் கடைக்கு எதிர்த்தாப்பல" என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் சித்திரையில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. வியாபாரம் குறைந்ததால் குழாயில் தண்ணீர் ஓடவில்லை. முன்பெல்லாம் காலை முதல் சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருந்த தண்ணீர் இப்போது வெயிலில், கம்பியின் சூட்டில், நாள் கணக்கில் குழாய்க்குள் நின்றது. நின்ற தண்ணீரில் சளி திரும்ப வந்தது, முன்னைவிடக் கனமாக. சோடாவில் கெடுதல் இருக்கிறது என்று ஜனங்கள் பொய்யாக நம்பியதால் குடிக்காமல் விட்டார்கள்; குடிக்காமல் விட்டதால் கெடுதல் மெய்யாகவே வந்து சேர்ந்தது. இதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து, புட்டி கழுவுகிற அம்மாளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப் போனார். அந்த அம்மாளுக்கு எங்கள் கடையைவிட்டால் கல் உடைக்கிற வேலைதான் இருந்தது.

ஆவணியில் பெரியவர் மகள் கல்யாணம், கண்டமங்கலத்தில். பத்திரிகை வந்தது; சோடாவுக்கு ஆர்டர் வரவில்லை. புதுச்சேரியிலிருந்து கலர் சோடா வருகிறது என்று கேள்விப்பட்டோம். "நான் பொண்ணுக்கு சித்தப்பன். என் கையால எதுனா போகணும்" என்று என் கணவர் பிடிவாதமாக இரண்டு பெட்டி நிரப்பினார். அதற்கு முன்னால் குழாயை முழுக்கக் கழற்றி, வளைவுகளைத் தனித்தனியாகச் சுடுதண்ணீரில் ஊற வைத்து, கம்பியால் சுரண்டி மாட்டினார். நானும் கூடவே உட்கார்ந்து சுரண்டினேன். பெட்டிகளைப் பஸ் மேல் ஏற்றிக் கொண்டுபோனோம்.

பந்தலில் பெரியவர் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்கச் சொன்னார். "தம்பி சொந்தமா கம்பெனி வச்சிக்கினு இருக்கான், திண்டிவனத்துல" என்றார். சம்பந்திகளில் ஒருவர் டிரங்க் ரோட்டில் போய்வருகிறவர். "காந்த சோடாவா?" என்று கேட்டுவிட்டு மீசைக்குள் சிரித்தார். பெரியவர் ஒரு புட்டியை எடுத்துத் தானே கோலியைத் தட்டினார். சம்பந்திக்குக் கொடுக்கப் போனவர், ஒரு கணம் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

நூல் மிதந்தது. ஒன்றே ஒன்று.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்போம். "சோடா சிந்தாம இருக்கறதுக்காவ என் தம்பி உள்ளயே நூல் போட்டுக் கட்டி அனுப்பிக்கிறான்" என்றார். ஜமுக்காளம் முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பிறகு பெரியவர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "இத்த எல்லாம் மாட்டுக் கொட்டாயாண்ட வை. மாடு முட்டிடாம பாத்துக்கோ" என்றார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, கையில் தாம்பூலப் பையைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஆன மட்டும் பாத்துட்டே. போதும். மில்லுல ஆள் வேணும். ரெண்டு பேரும் வந்துடுங்க." ரெண்டு பேரும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. அழுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. ஓரகத்தி பக்கத்தில் நின்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் நான் மனசுக்குள் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியைகள் வழக்கமாக எழுதுகிற 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற வாக்கியம் வரை வந்துவிட்டேன். விழுப்புரத்தில் நான் இறங்கினேன். அவரும் என்னோடு இறங்கி, அறை வரைக்கும் வந்து, உட்காராமல் கதவோரம் நின்றார்.

"நான் போறேன். நீ வேலையை வுடாத."

"ரெண்டு பேரும்னு இல்ல சொன்னாரு?"

"அவரு சொன்னாரு. நான் ஒருத்தன்தான் போவேன். நீ ஏன் வரலைன்னு தெனம் கேப்பாரு. கேக்கட்டும். அதை நான் வாங்கிக்கறேன்."

தடுக்க வேண்டும் என்று தோன்றியது. தடுத்தால் என் வேலை போகும் என்பதும் அதே நொடியில் தோன்றியது. "சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன்.

புரட்டாசியில் மிஷினையும் புட்டிகளையும் செய்யாறு பக்கத்து ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டார். கம்பியும் மரப்பெட்டியும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்.

நான் முதல் தடவை கண்டமங்கலத்துக்குப் போனது ஐப்பசியில், தீபாவளி லீவுக்கு. மில் வாசலில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவில், அண்ணன் "டேய், எடைய சரியா பாருடா" என்றபோது, "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் நான் வந்து நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி ஒரு சாக்கைத் தேவையில்லாமல் நகர்த்தினார்.

"டீச்சருக்கு லீவு வுட்டுட்டாங்களா?" என்றார் பெரியவர்.

"நாலு நாள் லீவுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அந்த நாலு நாளில் அவரும் நானும் தனியாகப் பேசியது மிகக் குறைவு. அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் உட்காருவார். பரிமாறும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

திரும்புகிற அன்று ரோடு வரைக்கும் வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்:

"இனிமே நீ இங்க வராத."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நீ பாக்க வேணாம். அவ்ளோதான். நானே வர்றேன்."

"எப்போ?"

"எழுதறேன்."

மில் பக்கமிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "தோ வர்றேங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டு, பஸ் வந்து நிற்பதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஏறி, அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிற சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை.